பழைய திரை நட்சத்திரங்களின் கையெழுத்திட்ட படங்கள்: மும்பையில் சேகரிக்கத் தொடங்குவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மாட்டுங்காவில் எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் ஏழெட்டு ஆண்டுகள் எம். கே. தியாகராஜ பாகவதரின் படம் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. வலது மூலையில் அவருடைய கையெழுத்தும் அதன் கீழே 1948 என்ற ஆண்டும் இருந்தன. அதற்கு நான் கொடுத்த விலையை வீட்டில் பாதியாகக் குறைத்துச் சொல்லியிருந்தேன். ஒரு தீபாவளிக்கு வந்திருந்த என் அத்தை மகன், அச்சகத் தொழிலிலேயே காலம் கழித்தவர், படத்தின் அருகே போய் நின்று, "இது எந்தப் பேனாவால் போட்டது?" என்று மட்டும் கேட்டார். கோடு தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே பருமனில், அழுத்தத்தின் ஏற்ற இறக்கம் ஏதுமின்றி ஓடியிருந்ததை அன்றுதான் கவனித்தேன். அது நார்முனைப் பேனா, அதாவது ஸ்கெட்ச் பேனா வகை. மெல்லிய நார்முனைப் பேனாக்கள் 1960களின் தொடக்கத்தில் ஜப்பானில் உருவாகி, அதன் பிறகே உலகம் முழுதும் பரவின. பாகவதரோ 1959 நவம்பர் 1ஆம் தேதியே காலமாகிவிட்டார்.

அந்தக் கையெழுத்தின் வளைவுகளை நான் பலமுறை மற்ற மாதிரிகளுடன் ஒப்பிட்டுப் பார்த்திருந்தேன். எதுவும் தவறாகப் படவில்லை. தேர்ந்த போலிக்காரர் வளைவுகளை நன்றாகவே போட்டுவிடுவார். அவர் கோட்டை விடுவது பெரும்பாலும் தாளிலும், மையிலும், பின்பக்க முத்திரையிலும், எழுதிய ஆண்டிலும்தான். ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றியே நடக்கும்: இந்தத் தாளும், இந்தப் பேனாவும், இந்த மனிதரும் ஒரே நாளில் ஒரே மேசைமேல் இருந்திருக்க முடியுமா?

முதற்படி: எல்லையை வகுத்துக்கொள்ளுதல்

கண்ணில் பட்ட நட்சத்திரங்களின் படங்களையெல்லாம் வாங்குபவர் விரைவில் பணத்தையும் ஆர்வத்தையும் இழந்துவிடுவார். ஒரு காலம், ஒரு ஸ்டுடியோ, ஒரு வகை நடிகர் என்று ஏதேனும் ஓர் எல்லையை முதலில் வகுத்துக்கொள்ள வேண்டும். மும்பையில் வாழும் தமிழருக்கு இயல்பாகவே பொருந்தும் ஓர் எல்லை உண்டு: சென்னையில் தொடங்கிப் பம்பாய்த் திரையுலகிலும் பேர் பெற்றவர்கள். 1949இல் ஏவி.எம். தயாரிப்பில் தமிழில் அறிமுகமாகி 1951இல் இந்தித் திரைக்கு வந்த வைஜயந்திமாலா, திருவாங்கூர்ச் சகோதரிகளில் ஒருவரான பத்மினி, செங்கல்பட்டில் பிறந்த வஹீதா ரெஹ்மான், அவர்களுக்குப் பின் ஹேமமாலினி, ரேகா என்று இந்தப் பட்டியல் நீளும். இவர்களின் படங்கள் இரண்டு ஊர்களிலும் அச்சாகி இரண்டு ஊர் ரசிகர்களின் கைக்கும் போனவை என்பதால், இந்த நகரத்தில் இருந்துகொண்டு தேடுவதற்கு இது நல்ல துறை.

எம்.ஜி.ஆர்., சிவாஜி, மதுபாலா, ராஜ் கபூர் ஆகியோரைத் தொடக்கத்தில் தொடாதீர்கள் என்பதே என் ஆலோசனை. எந்தப் பெயருக்குக் கிராக்கி அதிகமோ அந்தப் பெயருக்கே போலியும் அதிகம். குணசித்திர நடிகர்கள், நகைச்சுவை நடிகர்கள், பின்னணிப் பாடகர்கள் ஆகியோரின் கையெழுத்தைப் போலியாகப் போடுவதில் யாருக்கும் பெரிய லாபம் இல்லை. அந்தப் படங்களில் கண்ணைப் பழக்கிக்கொண்ட பிறகு பெரிய பெயர்களுக்குப் போகலாம்.

இரண்டாம் படி: சந்தையில் எவை எவை கிடைக்கும் என்று தெரிந்துகொள்ளுதல்

கையெழுத்துள்ள படம் என்ற ஒரே பெயரில் முற்றிலும் வேறான பொருள்கள் விற்கப்படுகின்றன. நட்சத்திரம் தன் கையால் ஒப்பமிட்ட படம் ஒரு வகை. ரசிகர் கடிதங்களுக்குப் பதிலாக நூற்றுக்கணக்கில் அனுப்பப்பட்ட, கையெழுத்தும் படத்தோடு சேர்ந்தே அச்சான அஞ்சலட்டை அளவுப் படம் இன்னொரு வகை. செயலாளரோ வீட்டாரோ நட்சத்திரத்தின் பெயரில் போட்டுக்கொடுத்தது மூன்றாவது. ஹாலிவுட்டில் இது வெளிப்படையாகவே தெரிந்த வழக்கம். 1937இல் இறந்த ஜீன் ஹார்லோவின் பெயரில் ரசிகர்களுக்குப் போன படங்களில் பெரும்பாலானவற்றில் ஒப்பமிட்டவர் அவருடைய தாயார் என்பது சேகரிப்பாளர்கள் அனைவரும் அறிந்தது. ரப்பர் முத்திரையால் குத்தியவையும், உண்மையான ஒப்பமுள்ள படத்தை அப்படியே மீண்டும் படமெடுத்து அச்சிட்டவையும் உண்டு.

இவற்றில் பலர் பொருட்படுத்தாத ஒரு வகைக்காக நான் எப்போதும் வாதாடுவேன். அது ஆட்டோகிராஃப் நோட்டின் ஒற்றைத் தாள். கச்சேரியிலும் ரயில் நிலையத்திலும் விழா மேடையிலும் பள்ளி மாணவர்கள் நீட்டிய சின்ன நோட்டுகளில் போட்ட கையெழுத்துகளைப் போலி செய்ய யாரும் மெனக்கெடுவதில்லை, விலையும் குறைவு. அதே காலத்து ஒப்பமில்லாத நல்ல படம் ஒன்றை வாங்கி இரண்டையும் ஒரே சட்டத்தில் அருகருகே வைத்தால், சந்தேகத்துக்குரிய ஒப்பமிட்ட படத்தைவிட அது எத்தனையோ மேல்.

மூன்றாம் படி: கருவிகள்

பெரிய செலவு இல்லை. நகைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸ் ஜவேரி பஜார்ப் பக்கம் கிடைக்கும். ரூபாய் நோட்டைச் சரிபார்க்கும் சிறிய புற ஊதா விளக்கை லேமிங்டன் சாலையில் வாங்கலாம். வளைத்துத் திருப்பக்கூடிய மேசை விளக்கு, பருத்தியோ நைட்ரைலோ ஆன கையுறை, அளவுகோல், மென்மையான பென்சில், ஒரு பதிவு நோட்டு ஆகியவை போதும்.

நான்காம் படி: தேடும் இடங்கள்

முதலில் தேட வேண்டிய இடம் உறவினர் வீட்டுப் பரண். ரயில்வேயிலும் வங்கியிலும் வேலை கிடைத்துப் பம்பாய்க்கு வந்து மாட்டுங்கா, சயான், செம்பூர், தாராவி என்று குடியேறிய தலைமுறை, தமிழ்ப் படம் பார்க்க அரோரா தியேட்டருக்குப் போன தலைமுறை, ரசிகர் கடிதம் எழுதியதும் அதுவே. அவர்களின் டிரங்குப் பெட்டிகளில் பழைய சினிமாப் பத்திரிகைகளுக்கும் பாட்டுப் புத்தகங்களுக்கும் நடுவே, பதிலாக வந்த படம் உறையோடு இருக்க வாய்ப்பு உண்டு. உறையைத் தூக்கி எறிந்துவிடாமல் இருக்கும்படி அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்; தபால் முத்திரை உள்ள உறை படத்துக்குப் பிறப்புச் சான்றிதழ் போன்றது. விலை கொடுத்து வாங்குவதானால் அந்த மாமியிடமோ பெரியப்பாவிடமோ நியாயமான விலையைச் சொல்லிவிடுங்கள். தெரியாதவர்களிடம் அடிமாட்டு விலைக்கு வாங்கிய படம் குடும்பத்தில் என்றைக்கும் பேச்சாகவே இருக்கும்.

அடுத்தது பழைய காகிதம் வாங்கும் ரத்திக் கடைகள். வீடு காலி செய்பவர்கள் கிலோ கணக்கில் போடும் காகிதத்தில் ஆல்பங்களும் நோட்டுகளும் போய்ச் சேரும். பேட்டையில் உள்ள இரண்டு மூன்று கடைக்காரர்களிடம் "பழைய போட்டோ, சினிமாப் புத்தகம் வந்தால் தனியாக எடுத்து வையுங்கள்" என்று சொல்லி, ஒன்றும் கிடைக்காத மாதத்திலும் போய்த் தலையைக் காட்டிவிட்டு வர வேண்டும். கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைப் புத்தகக் கடைகளிலும் இதே முறைதான்.

சோர் பஜார் என்றால் குறிப்பாக மட்டன் தெரு. கிராண்ட் ரோடு நிலையத்திலிருந்து நடந்து போகலாம். சினிமா போஸ்டர், ஷோ கார்டு, ஸ்டில்ஸ் விற்கும் பழைய கடைகள் அங்கே உள்ளன. வெள்ளிக்கிழமை கடைகள் மூடியிருக்கும் என்பதால் வேறு நாளில் போவதே சரி. கட்டுக்கட்டாக இருக்கும் ஸ்டில்களை நிதானமாகப் புரட்ட அனுமதிக்கும் கடையில் உட்காருங்கள், எடுத்த எடுப்பில் "கையெழுத்துப் போட்ட படம் இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு இந்தத் தெருவில் இல்லை என்ற பதில் அநேகமாகக் கிடைக்காது. ஒப்பமில்லாத படங்களை இரண்டு மூன்று முறை வாங்கிப் பழகிய பிறகு கடைக்காரச் சாச்சா தாமாகவே உள்ளேயிருந்து ஓர் உறையை எடுத்துவருவார். அதை நம்பலாம் என்று இல்லை, பார்க்கலாம்.

இணைய ஏலங்களில் படத்தின் பின்பக்கத்தையும் ஒப்பத்தின் அண்மைப் படத்தையும் கேட்காமல் விலை சொல்லாதீர்கள். பின்பக்கத்தை அனுப்ப மறுப்பவரோடு வியாபாரம் வேண்டாம்.

ஐந்தாம் படி: பின்பக்கத்தைப் படித்தல்

படத்தைக் கையில் வாங்கியதும் திருப்புங்கள். முன்பக்கத்து முகம் நம்மை மயக்கிவிடும். பின்பக்கத்தில் மயங்குவதற்கு ஒன்றுமில்லை. ஸ்டுடியோ, புகைப்படக்காரர், விநியோகஸ்தர் ஆகியோரின் முத்திரைகளில் முகவரி இருக்கும். ஆறு இலக்கப் பின்கோடு 1972 ஆகஸ்ட் 15இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பெருநகரங்களில் மண்டல எண் மட்டுமே எழுதுவார்கள். மாட்டுங்கா என்றால் பம்பாய் 19, தியாகராய நகர் என்றால் சென்னை 17. பிற்பாடு அவையே 400019 என்றும் 600017 என்றும் ஆயின. ஆகவே பின்கோடு உள்ள முத்திரை குத்திய படத்தை 1955ஆம் ஆண்டுப் பிரதி என்று ஒருவர் சொன்னால், முத்திரை பிற்காலத்தில் குத்தப்பட்டதா, படமே பிற்காலத்தில் அச்சானதா என்று கேட்க வேண்டும். ஆங்கில முகவரியில் மும்பை என்று இருந்தால் 1995க்கும், சென்னை என்று இருந்தால் 1996க்கும் பிந்தியது. தமிழிலும் மராத்தியிலும் இந்தப் பெயர்கள் முன்பிருந்தே புழக்கத்தில் உள்ளவை என்பதால் இந்தச் சோதனை ஆங்கில முத்திரைக்கு மட்டுமே பொருந்தும். விலை அணாவில் குறிக்கப்பட்டிருந்தால் 1957 ஏப்ரலில் தசம நாணயம் வருவதற்கு முந்தியது என்று கொள்ளலாம்.

தாள் தயாரித்த நிறுவனத்தின் பெயர் பின்பக்கத்தில் மங்கலாக அச்சிடப்பட்டிருப்பதும் உண்டு. நம் நாட்டுத் தாளில் இது பெரிதும் உதவும். உதகமண்டலத்தில் அரசு நிறுவிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960களின் பிற்பகுதியில்தான் உற்பத்திக்கு வந்தது. அதன் வணிகப் பெயர் இந்து. அந்தப் பெயர் தாங்கிய தாளில் 1950ஆம் ஆண்டு தேதியிட்ட பி. யு. சின்னப்பா கையெழுத்து இருக்க வழியே இல்லை, ஏனென்றால் அவர் 1951இலேயே காலமானார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய நெகட்டிவிலிருந்து பல ஆண்டுகள் கழித்துப் பிரதி போட்டிருக்கலாம். அந்தப் பிரதியில் நட்சத்திரம் முதுமையில் ஒப்பமிட்டிருக்கலாம். 1953ஆம் ஆண்டுக் காட்சியை 1975இல் அச்சிட்டு, அதில் சாவித்திரி ஒப்பமிட்டிருந்தால் ஒப்பம் உண்மையே. அவர் 1981 டிசம்பர் வரை வாழ்ந்தார். பழைய பிரதி என்று சொல்லி விற்றால்தான் பொய். அந்த விலையைக் கொடுக்க வேண்டாம், அவ்வளவே.

ஆறாம் படி: தாளையும் ஒளியையும் சோதித்தல்

1970களுக்கு முந்திய கறுப்பு வெள்ளைப் பிரதிகள் அநேகமாகப் பிளாஸ்டிக் பூச்சு இல்லாத நார்த்தாளில் அமைந்தவை. கனமாக இருக்கும், ஓரங்கள் சற்றே சுருளும், இருண்ட பகுதிகளைச் சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால் சில இடங்களில் வெள்ளிப் பூச்சுப் போன்ற நீலமான பளபளப்புத் தெரியும். தாளிலுள்ள வெள்ளி காலப்போக்கில் மேலே எழுந்து வருவதால் ஏற்படும் இந்தப் பளபளப்பைச் செயற்கையாகக் கொண்டுவருவது எளிதல்ல. இருபுறமும் பிளாஸ்டிக் பூசிய தாள் 1960களின் இறுதியில் தலைகாட்டி 1970களில் பரவியது. விரல் நகத்தால் பின்பக்கத்தை இலேசாக வருடினாலே வழுவழுப்புத் தெரிந்துவிடும்.

அடுத்து, அறையை இருட்டாக்கிப் புற ஊதா விளக்கை ஓரத்தில் காட்டுங்கள். சலவைத் தூளில் உள்ளது போன்ற வெண்மையூட்டிகளைப் புகைப்படத் தாளில் சேர்க்கும் வழக்கம் 1950களில்தான் பரவியது. 1940ஆம் ஆண்டுப் படம் என்று சொல்லப்படுவது விளக்கின் கீழ் உங்கள் வெள்ளைச் சட்டையைப் போல நீலமாக ஒளிர்ந்தால் அது அந்தக் காலத்துத் தாள் அல்ல. ஒளிராவிட்டால் பழையது என்று பொருள் இல்லை. வெண்மையூட்டி இல்லாத தாள்கள் பின்னாளிலும் இருந்தன. இந்தச் சோதனைகள் எல்லாமே ஒன்றைப் பொய் என்று காட்ட வல்லவை. மெய் என்று நிறுவ வல்லவை அல்ல.

லென்ஸில் பார்க்கும்போது படம் சிறு சிறு புள்ளிகளால் ஆனதாகத் தெரிந்தால் அது அச்சு இயந்திரத்தில் அடித்தது. கையெழுத்தும் அந்தப் புள்ளிகளாலேயே ஆகியிருந்தால் அதற்குமேல் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஏழாம் படி: பேனாவையும் கோட்டையும் படித்தல்

மேசை விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி, படத்தைச் சாய்த்துப் பாருங்கள். கையால் இட்ட மை படத்தின் மேற்பரப்பில் தனியாகக் கிடக்கும். அதன் பளபளப்புப் படத்தின் பளபளப்போடு சேராது. நெகட்டிவிலேயே எழுதிய கையெழுத்து படத்தின் உள்ளேயே இருக்கும், மேலே எதுவும் தட்டுப்படாது. இருண்ட பின்புலத்தில் வெள்ளை நிறத்தில் உள்ள கையெழுத்துகள் பெரும்பாலும் இந்த வகையே, ஏனெனில் நெகட்டிவில் கறுப்பு மையால் எழுதியது பிரதியில் வெள்ளையாக விழும். மூலையில் சிறியதாக வெள்ளையில் இருப்பது பல சமயம் புகைப்படக்காரரின் ஒப்பம். அதை நடிகையின் கையெழுத்து என்று நினைத்துச் சட்டமிட்டு வைத்திருப்பவர்கள் இந்த ஊரில் ஒருவர் இருவர் அல்லர்.

ஊற்றுப் பேனாவின் கோட்டில் கீழிறங்கும்போது பருமனும் மேலேறும்போது மெலிவும் இருக்கும். வழவழப்பான பரப்பில் மை இடையிடையே விலகி முத்துமுத்தாகத் திரண்டிருக்கும். நீலக்கறுப்பு மை ஆண்டுகள் செல்லச் செல்லப் பழுப்பேறும். பந்துமுனைப் பேனா 1940களில் சந்தைக்கு வந்தது. அமெரிக்கக் கடைகளில் 1945 அக்டோபரில்தான் முதலில் விற்றது. அது தாளில் மெல்லிய பள்ளத்தை உண்டாக்கும், வளைவுகளில் மைத்துளியைச் சிந்தும். நார்முனையைப் பற்றி என் பாகவதர் கதையிலேயே சொல்லிவிட்டேன். வெள்ளியும் பொன்னும் நிறமான பெயிண்ட் பேனாக்கள் அதற்கும் பிந்தியவை. 1964இல் இறந்த குரு தத், 1969இல் இறந்த மதுபாலா, 1972இல் இறந்த மீனா குமாரி ஆகியோரின் படத்தில் பளபளக்கும் வெள்ளி நிறக் கையெழுத்தைப் பார்த்தால் சிரித்துவிட்டு அடுத்த கடைக்குப் போகலாம்.

பேனா காலத்துக்குப் பொருந்திய பிறகே வளைவுகளைப் பார்க்க வேண்டும். கோடு தயங்காமல் ஓடுகிறதா, தொடக்கமும் முடிவும் காற்றில் மெலிந்து கரைகின்றனவா, நடுவில் பேனா நின்று யோசித்த புள்ளிகள் உண்டா என்று லென்ஸில் பாருங்கள். ஆயிரம் முறை போட்ட கையெழுத்தை நட்சத்திரம் வேகமாகப் போடுவார். பார்த்துப் போடுபவர் மெதுவாக வரைவார். இரண்டு ஒப்பங்கள் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் மயிரிழையும் பிசகாமல் பொருந்தினால் மகிழாதீர்கள். எந்த மனிதரும் ஒரே கையெழுத்தை இரண்டு முறை அச்சாகப் போடுவதில்லை; அது முத்திரையோ, இயந்திரமோ, நகலோதான்.

ஒப்பிடுவதற்கு நம்பகமான மாதிரி வேண்டும். திரையுலகிலிருந்து பொதுவாழ்வுக்குப் போனவர்கள் இதில் நமக்கு உதவுகிறார்கள். 1982இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட சிவாஜி கணேசன், 1984இலும் 1989இலும் தென்சென்னையிலிருந்து மக்களவைக்குப் போன வைஜயந்திமாலா, 1977 முதல் முதலமைச்சராக இருந்த எம்.ஜி.ஆர். ஆகியோர் அலுவல் தாளில் தேதியோடு ஒப்பமிட்ட கடிதங்கள் பல கைகளில் உள்ளன. ஒப்பிடும்போது காலத்தையும் பொருத்திப் பாருங்கள்: 1984 அக்டோபரில் நோய்வாய்ப்பட்டு அமெரிக்காவில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய எம்.ஜி.ஆரின் ஒப்பத்தை 1958ஆம் ஆண்டு மாதிரியோடு ஒப்பிடுவது பொருளற்றது. தமிழ் ஒப்பத்தைத் தமிழ் ஒப்பத்தோடும் ஆங்கிலத்தை ஆங்கிலத்தோடும் மட்டுமே ஒப்பிட வேண்டும்.

எட்டாம் படி: தமிழ் எழுத்து சொல்லும் சாட்சி

இந்தச் சோதனை தமிழ் படிக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே வாய்த்தது. மட்டன் தெருக் கடைக்காரருக்கும் வெளிநாட்டு நிபுணருக்கும் இது கிடையாது. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியது. அதற்கு முன் ணை, லை, ளை, னை ஆகியவற்றை யானைத் துதிக்கை போலக் கொம்பு வளைத்தும், ணா, றா, னா ஆகியவற்றைத் துணைக்காலைப் பிரிக்காமல் சுழித்தும் எழுதினார்கள். நட்சத்திரங்கள் பலர் கையெழுத்துக்கு மேலே "அன்புள்ள" என்று தொடங்கி ஓரிரு வரிகள் எழுதுவது உண்டு. 1955ஆம் ஆண்டுத் தேதியிட்ட வாழ்த்தில் "கலை" என்ற சொல் இன்று நாம் எழுதுவது போல இருந்தால் உடனே நிமிர்ந்து உட்காருங்கள்.

இதிலும் விதிவிலக்கு உண்டு. பெரியார் தம் பத்திரிகைகளில் 1935 முதலே சீர்திருத்த எழுத்தைப் பயன்படுத்தினார். அவருடைய இயக்கத்தோடு நெருங்கியிருந்த நாடக, திரைக் கலைஞர்கள் சிலர் அரசு ஆணைக்கு வெகு முன்பே அப்படி எழுதியிருக்க முடியும். மறுபுறம், பழைய முறையில் எழுதிப் பழகியவர்கள் 1978க்குப் பின்னும் துதிக்கையை விடவில்லை. என் தாயார் கடைசி வரை மளிகைச் சீட்டில் மாலையைப் பழைய எழுத்திலேயே எழுதினார். ஆகவே பழைய எழுத்து இருப்பது பழைமைக்குச் சான்றாகாது. புதிய எழுத்து இருப்பதே விசாரணைக்குரியது.

ஒன்பதாம் படி: ஆளின் நாள்குறிப்போடு ஒத்துப் பார்த்தல்

தேதியோ ஊரோ எழுதப்பட்டிருந்தால், அந்த நாளில் அவர் அங்கே இருந்திருக்க முடியுமா என்று பாருங்கள். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் 1944 இறுதியில் கைதாகி, 1947இல்தான் விடுதலையானார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் விழா மேடையில் ரசிகருக்குப் போட்டுக்கொடுத்ததாக ஒரு படம் வந்தால் அதற்கு மறுபேச்சே இல்லை. எந்தத் துறையைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ அந்த நடிகர்கள் பிறந்த, திருமணமான, பெயர் மாற்றிக்கொண்ட, மறைந்த ஆண்டுகளை ஒரு பக்கத்தில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் நின்று செல்பேசியில் தேடிக்கொண்டிருந்தால் விலை ஏறும்.

பத்தாம் படி: வாங்குதல்

விற்பவர் சொல்லும் கதைக்குக் காசு கொடுக்காதீர்கள். "இவர் வீட்டுச் சமையல்காரர் கொடுத்தது" என்ற கதையை எழுத்தில் தரச் சொல்லுங்கள். தந்தால் அதற்கு மதிப்பு உண்டு. யார் கொடுத்தது என்றே தெரியாத உத்தரவாதச் சான்றிதழும் இப்படித்தான். தங்க விளிம்பும் ஹோலோகிராமும் ஒட்டிய தாள் படத்தைவிடப் புதியது என்பதைத் தவிர வேறெதையும் உறுதிப்படுத்தாது. போலி என்று தெரிந்தால் பணம் திரும்பக் கிடைக்கும் என்ற ஒரு வரியை ரசீதில் எழுதி வாங்க முடிந்தால் அதுவே மேலான உத்தரவாதம்.

ஒருவர் பெயரைக் குறிப்பிட்டு எழுதிய படத்துக்கு வணிகர்கள் விலையைக் குறைப்பார்கள். எனக்கு அதுவே பிடித்தமானது. முன்பின் தெரியாத ஒரு பெயரும் இரண்டு வரி வாழ்த்தும் இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்க எழுத்துகள் கூடுதலாகக் கிடைக்கும். போலிக்காரர் பொதுவாக நீண்ட வரி எழுதத் துணிவதில்லை.

படம் உங்களுடையதாவதால் அதன் பதிப்புரிமை உங்களுடையதாகிவிடாது. இந்தியச் சட்டப்படி 2012 வரை புகைப்படத்துக்கு வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை இருந்தது; அந்த ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், படம் எடுத்தவரின் ஆயுட்காலமும் அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளும் உண்டு. புத்தகத்திலோ நாட்காட்டியிலோ அச்சிடுவதற்கு முன் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

பதினொன்றாம் படி: இன்று வாழ்பவர்களிடம் நேரில் பெறுதல்

சண்முகானந்தா அரங்கிலோ வேறு விழாவிலோ மூத்த கலைஞர்கள் வரும்போது ஒரே ஒரு படத்தை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். ஐந்து படங்களை நீட்டுபவரைப் பார்த்தாலே வியாபாரி என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். சாப்பிடும்போதும், நடக்க உதவி தேவைப்படும்போதும் அணுகாதீர்கள். கையெழுத்து விழ வேண்டிய இடம் வெளிர்நிறமாக உள்ள படத்தைத் தேர்ந்தெடுங்கள். பிளாஸ்டிக் பூசிய தாளில் ஊற்றுப் பேனா நிற்காது. மெல்லிய முனையுள்ள அழியாத நீல மையைக் கொண்டுசெல்லுங்கள். ஒப்பமிட்டதும் சில நிமிடம் காற்றில் காயவிட்டு, அதன் பிறகே உறையில் இடுங்கள். அன்றிரவே நாளையும் இடத்தையும் பதிவு நோட்டில் எழுதிவிட வேண்டும். அஞ்சலில் கேட்பதானால், தபால்தலை ஒட்டிய சுயமுகவரி உறையையும் படம் மடியாதபடி அட்டையையும் உடன் வையுங்கள். கடிதம் அரைப் பக்கத்தைத் தாண்ட வேண்டாம்.

பன்னிரண்டாம் படி: மும்பை மழையிலிருந்து காப்பாற்றுதல்

வாங்குவதில் செய்த தவறு பணத்தோடு போகும். பாதுகாப்பில் செய்யும் தவறு படத்தையே கொண்டுபோய்விடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்த நகரத்தின் ஈரக்காற்றுதான் முதல் எதிரி. புகைப்படத்தின் மேற்பரப்பு ஜெலட்டின். ஈரத்தில் அது இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பூஞ்சைக்கும் வெள்ளிப்பூச்சிக்கும் உணவாகும். சட்டக் கடையில் கண்ணாடிக்கு நேர் பின்னால் அழுத்தி மாட்டிக்கொடுத்த படம் இரண்டு மழைக்காலத்தில் கண்ணாடியோடு சேர்ந்துவிட்டால், பிரிக்கும்போது முகம் கண்ணாடியில் தங்கிவிடும். கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையே அமிலமற்ற அட்டையால் இடைவெளி விடச் சொல்லுங்கள். அதைவிட மேல், நல்ல நகலைச் சுவரில் மாட்டி மூலத்தைப் பெட்டியில் வைப்பது. பெரும்பாலான மைகள் வெளிச்சத்தில் மங்கும். சன்னலுக்கு எதிர்ச்சுவர் எந்தக் காரணத்தாலும் கூடாது.

ஒவ்வொரு படத்துக்கும் அமிலமற்ற தாள் உறை தனித்தனியே வேண்டும். பாலியெஸ்டர் உறை வெளிநாட்டுப் புத்தகங்களில் பரிந்துரைக்கப்படுவதே என்றாலும், நம் ஈரத்தில் அதன் உட்பக்கம் ஒட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு. தாள் உறையே எனக்கு நம்பிக்கை தருகிறது. பி.வி.சி. உறை, ஒட்டும் பக்கமுள்ள ஆல்பம், செலோடேப், லேமினேஷன் ஆகிய நான்கும் அறவே கூடாது. லேமினேஷன் செய்த படத்தை யாராலும் மீட்க முடியாது. நாஃப்தலின் உருண்டையும் வேண்டாம். உறைகளைக் கெட்டி அட்டைப் பெட்டியில் இட்டு, வெளிச்சுவரைத் தொடாத பீரோவில், நடுத் தட்டில் வையுங்கள். குளியலறைச் சுவருக்குப் பின்புறமாக உள்ள அலமாரி ஆகாது. சிலிக்கா ஜெல் பொட்டலங்களை வைத்தால் மட்டும் போதாது, நிறம் மாறும்போது அவற்றைச் சூடாக்கி உலர்த்த வேண்டும். சின்ன ஈரப்பதமானி ஒன்று பீரோவுக்குள் இருக்கட்டும். முள் 50 சதவீதத்துக்கு அருகே நின்றால் நிம்மதி, 65ஐத் தாண்டினால் பூஞ்சை தலைகாட்டும்.

பூஞ்சை வந்த படத்தை உடனே மற்றவற்றிலிருந்து பிரியுங்கள். ஈரத் துணியால் துடைக்காதீர்கள், வெயிலில் காயப்போடாதீர்கள். ஈரத்துணி மையையும் சேர்த்துத் துடைத்துவிடும். உலர்ந்த காற்றோட்டத்தில் வைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு முகக்கவசம் அணிந்து மென்தூரிகையால் வெளியில் வைத்துத் தட்டலாம். விலை மதிப்புள்ளது என்றால் அதையும் செய்யாமல் பயிற்சி பெற்ற காப்பாளரிடம் போங்கள். கோட்டைப் பகுதியில் உள்ள சத்ரபதி சிவாஜி மகாராஜ் வாஸ்து சங்கிரகாலயா அருங்காட்சியகத்தில் கலைப்பொருள் பாதுகாப்பு மையம் ஒன்று இயங்குகிறது, அங்கே விசாரிக்கலாம்.

படத்தின் பின்னால் பேனாவால் எண் போடாதீர்கள். உறையின் மேல், படத்தை உள்ளே வைப்பதற்கு முன்பே, மென்பென்சிலால் எண்ணை எழுதி, பதிவு நோட்டில் அந்த எண்ணுக்கு நேரே வாங்கிய நாள், இடம், விலை, பின்பக்க முத்திரை, செய்த சோதனைகள், இன்னும் தீராத சந்தேகங்கள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். விலையை உண்மையாகவே எழுதுங்கள். அந்த நோட்டை வீட்டில் ஒருவராவது எடுத்துப் படிக்கும் இடத்தில் வைத்திருங்கள். அக்டோபரில் மழை ஓய்ந்து முதல் உலர்ந்த ஞாயிறு வந்ததும் பெட்டியைத் திறந்து ஒவ்வோர் உறையாக எடுத்துப் பார்ப்பது எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். என் பாகவதரும் அந்தப் பெட்டியில்தான் இருக்கிறார், எண் 14. "ஒப்பம் போலி, படம் நல்ல படம்" என்று நோட்டில் எழுதியிருக்கிறேன்.